ஓடாத இயந்திரம்

மெய்நிகர் இயந்திரங்களை (விஎம்) நடத்தும் ப்ராக்ஸ்மாக்ஸ் மென்பொருள் திரையின் இடப்பக்கப் பட்டியலில், மற்ற விஎம்களுக்கெல்லாம் கீழே, பல இடங்களில் 9000 என்ற எண்ணோடு ஒன்று இருக்கும். மற்றவற்றின் மேல் வலது கிளிக் செய்தால் ஸ்டார்ட் என்று வரும். இதற்கு அது வேலை செய்யாது. குளோன் எடுக்கலாம், அவ்வளவுதான். இனி பிறக்கப்போகும் சர்வர்களுக்கெல்லாம் மூலமாக இருப்பதற்கென்றே வைத்திருக்கும் லினக்ஸ் டெம்ப்ளேட் அது. எண்ணில் ரகசியம் எதுவும் இல்லை. ப்ராக்ஸ்மாக்ஸ் தானாக எண் கொடுத்தால் 100லிருந்து ஆரம்பிக்கும். அதன் கையேட்டில் டெம்ப்ளேட்டுக்கான உதாரணத்தில் 9000 என்று போட்டிருக்கிறார்கள். படித்தவர்கள் அப்படியே போட்டுக்கொண்டார்கள்.

நான் சொல்லப்போகும் 9000 ஒரு டெபியன் 12. அந்தப் பதிப்பு வெளியானது 2023 ஜூன் 10. ஆனால் அதைச் செய்த பட்டறைக்கு வயது அதிகம். டெபியனின் கிளவுட் குழு இமேஜ் தயாரிக்கப் பயன்படுத்தும் கருவி எஃப்ஏஐ. ஜெர்மனியில் கொலோன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் லாங்கே 1999இல் வெளியிட்டது. வரிசையாக அடுக்கிய நிஜக் கணினிகளில், பக்கத்தில் ஆள் உட்கார்ந்து மொழி எது, நேர மண்டலம் எது என்று பதில் சொல்லிக்கொண்டிருக்காமல் லினக்ஸ் நிறுவ எழுதப்பட்ட கருவி அது. நிஜ டிஸ்க்கின் இடத்தில் ஒரு கோப்பைக் கொடுத்தாலும் அது அதே வேலையைத்தான் செய்கிறது: பார்ட்டிஷன் பிரிக்கிறது, அடிப்படைப் பேக்கேஜ்களை விரிக்கிறது, கிரப் பூட்லோடரை ஏற்றுகிறது. சில நூறு எம்பி அளவில் ஒரு கியூகவ்2 கோப்பு வெளியே வருகிறது.

இந்தக் கோப்பில் முக்கியமான விஷயம் அதில் இல்லாதவைதான். கடவுச்சொல் இல்லை. ஹோஸ்ட்நேம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. எஸ்எஸ்எச் சாவிகள் இல்லை. காரணம், இந்த லினக்ஸ் இன்னும் ஒருமுறைகூட பூட் ஆகவில்லை. பூட் ஆகாத லினக்ஸுக்கு அடையாளம் கிடையாது.

ஐஎஸ்ஓவைப் போட்டு, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, ரீபூட் செய்து, அப்டேட் அடித்து, அதன்பின் அதையே டெம்ப்ளேட் ஆக்கும் வழக்கம் இன்றும் உண்டு. வேலை நடக்கும். ஆனால் அந்த முதல் பூட்டிலேயே இயந்திரம் தனக்கென்று ஒரு சாதகம் எழுதி வைத்துக்கொண்டுவிடுகிறது. டெம்ப்ளேட் செய்கிறவரின் வேலையில் பெரும்பகுதி இப்படி எழுதப்பட்டவற்றைத் தேடித் தேடி அழிப்பதில்தான் போகிறது. எதைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எதை அழிக்க வேண்டும் என்பதை அடிபட்டுத்தான் கற்கிறோம்.

சென்ட்ஓஎஸ் 6, உபுண்டு 12.04 காலத்து ஆட்களைக் கேட்டால் ஒரு கதை சொல்வார்கள். குளோன் எடுத்து ஓடவிட்டால் நெட்வொர்க் வராது. கன்சோலில் போய்ப் பார்த்தால் ஈத்0 காணாமல்போய் ஈத்1 வந்திருக்கும். சாதனங்களுக்குப் பெயரிடும் யூடெவ் தன் விதிக் கோப்பில் மூல இயந்திரத்தின் மேக் முகவரியை எழுதி, ‘இதுதான் ஈத்0’ என்று குறித்து வைத்திருக்கும். குளோனுக்கு மேக் முகவரி வேறு. ஆகவே அது இரண்டாவது கார்டு, ஆகவே ஈத்1. அமைப்புக் கோப்போ ஈத்0வைத் தேடிக்கொண்டிருக்கும். எழுபது என்று தொடங்கும் அந்தக் கோப்பின் பெயரை மறக்காத அட்மின்கள் இன்னும் இருக்கிறார்கள். 2013இல் சிஸ்டம்டி பெயரிடும் முறையை மாற்றிய பிறகு அந்தத் தொல்லை போனது. அதற்குப் பதில் வேறொன்று வந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நகலெடுக்கும் ஆசை விஎம்களைவிட நிஜக் கணினிகளில்தான் முதலில் பரவியது. நியூசிலாந்தின் முர்ரே ஹஸார்ட் எழுதிய கோஸ்ட் மென்பொருளை 1998இல் சைமன்டெக் வாங்கியது. ஒரு கணினியின் டிஸ்க்கை அப்படியே இன்னும் முப்பது கணினிகளில் இறக்கும் பழக்கத்தைக் கல்லூரி லேப்கள் அதில்தான் கற்றன. 2006 ஆகஸ்ட்டில் அமேசான் ஈசி2 வந்தபோது வாடகைக்கு எடுக்கும் ஒவ்வொரு சர்வரும் ஏதோ ஒரு இமேஜின் பிரதியாக ஆனது. 2007 பிப்ரவரியில் லினக்ஸ் கெர்னல் 2.6.20இல் விஎம்களை ஓட்டும் வசதியான கேவிஎம் சேர்ந்தது. மறு ஆண்டே வியன்னாவிலிருந்து ப்ராக்ஸ்மாக்ஸ். ஈசி2வில் ஓடும் உபுண்டுவுக்காக கனோனிக்கலில் ஸ்காட் மோசர் தொடங்கிய கிளவுட்-இனிட்தான் நம் கதைக்கு மிக வேண்டியது. பிரதிக்கு அதன் அடையாளத்தை முதல் பூட்டில் கொடுப்பது அதன் வேலை.

டெபியன் தரும் இமேஜ்களில் ஜெனரிக், ஜெனரிக்கிளவுட், நோகிளவுட் என்று வகைகள் உண்டு. ஜெனரிக்கிளவுட்டில் நிஜ வன்பொருளுக்கான டிரைவர்களைக் கழித்துவிடுகிறார்கள், அதனால் கோப்பு சிறியது. நோகிளவுட்டில் கிளவுட்-இனிட்டே இல்லை. பூட் ஆனதும் கடவுச்சொல் கேட்காமல் ரூட்டில் கொண்டுபோய் நிறுத்தும். சோதனைக்கு மட்டும் சரி. என் ஓட்டு ஜெனரிக்குக்குத்தான். சில எம்பி மிச்சம் பிடிக்கப்போய், கிளவுட்-இனிட் டிரைவையே கண்டுகொள்ளாத விஎம்மோடு ஒரு மாலைப் பொழுதைக் கழிப்பது லாபமில்லை.

இறக்கிய கோப்பின் எஸ்எச்ஏ512 செக்சம் பார்த்த பிறகு, காலியாக ஒரு விஎம் உருவாக்கி, டிஸ்க்கை அதில் இறக்குமதி செய்து, விர்ட்ஐஓ ஸ்கஸியில் மாட்டி, சீரியல் போர்ட் ஒன்று சேர்த்து, கிளவுட்-இனிட் டிரைவை வைப்பது ஏழெட்டு கட்டளைகளில் முடியும். இதில் விவரிக்க ஒன்றுமில்லை. அடுத்த படிதான் வழுக்கும்.

டெபியன் இமேஜில் கியூஈஎம்யூ கெஸ்ட் ஏஜென்ட் வராது. அது இல்லையென்றால் குளோனின் ஐபி முகவரி ப்ராக்ஸ்மாக்ஸ் திரையில் தெரியாது. சரி, சேர்த்துவிடலாம். பூட் செய்தால் சாதகம் எழுதிக்கொள்ளும் என்பதால், பூட் செய்யாமலே இமேஜைத் திறந்து பேக்கேஜ் நிறுவும் விர்ட்-கஸ்டமைஸை எடுக்கிறோம். லிப்கெஸ்ட்எஃப்எஸ் குடும்பத்துக் கருவி, நல்ல கருவி. ஆனால் அது ஓடும்போது திரையில் வரும் வரிகளைப் படிக்க வேண்டும். ‘இமேஜை ஆராய்கிறேன்’ என்று ஒரு வரி. ‘ரேண்டம் சீட் வைக்கிறேன்’ என்று அடுத்தது. அதற்கும் அடுத்தது, ‘மெஷின்-ஐடியை எழுதுகிறேன்’. பேக்கேஜ் நிறுவுவது அதற்குப் பிறகுதான். சில நிறுவல் நிரல்கள் மெஷின்-ஐடி காலியாக இருந்தால் தடுமாறும் என்பதால் கருவி உதவியாகவே அதைச் செய்கிறது. விளைவு, டெபியன் குழு பெயரில்லாமல் அனுப்பிய இமேஜுக்கு நாமே பெயர் சூட்டிவிட்டோம், அதுவும் தெரியாமல்.

மெஷின்-ஐடி என்பது ஈடிசி அடைவில் இருக்கும் ஒரே வரிக் கோப்பு, 32 பதின்அறும எழுத்துகள். பார்க்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். ஜர்னல் பதிவுகள் சேரும் அடைவுக்கு அதுதான் பெயர். அதைவிட, சிஸ்டம்டி-நெட்வொர்க்டி டிஎச்சிபி சர்வரிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் அடையாளம் இதிலிருந்துதான் பிறக்கிறது. உபுண்டு 18.04 நெட்பிளானுக்கு மாறியபோது பலர் இதில் மாட்டினார்கள். பத்து குளோன்கள், பத்து மேக் முகவரிகள், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே ஐபி! மேக்கைத்தானே டிஎச்சிபி பார்க்கும் என்று நினைத்து ஸ்விட்சைச் சந்தேகித்து, கேபிளைச் சந்தேகித்து, ரவுட்டரை ரீபூட் செய்து பார்ப்பார்கள். டிஎச்சிபி சர்வரின் பார்வையில் அந்தப் பத்தும் ஒரே ஆள். ஒரே ஆள் பத்து முறை கேட்டால் ஒரே முகவரியைத்தான் கொடுக்கும், தப்பு அதன்மேல் இல்லை.

மாற்று எளிது. அதே விர்ட்-கஸ்டமைஸுக்கு, கடைசியில் அந்தக் கோப்பை ட்ரன்கேட் செய்யச் சொல்லும் தேர்வையும் சேர்த்துக் கொடுத்தால் போதும். கோப்பு இருக்கும், உள்ளே எழுத்து இருக்காது. அடுத்த பூட்டில் சிஸ்டம்டி புதிய ஐடி எழுதும். கேவிஎம்முக்குள் ஓடுகிறோம் என்று தெரிந்தால், அந்த விஎம்முக்குக் கொடுத்திருக்கும் யூயூஐடியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். குளோன் எடுக்கும்போது ப்ராக்ஸ்மாக்ஸ் யூயூஐடியை மாற்றிவிடுவதால் கணக்கு சரியாகிறது.

எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகள் விஷயம் இதைவிடக் கனமானது. அவை இமேஜில் தங்கிவிட்டால் எல்லாக் குளோன்களுக்கும் ஒரே சாவி. ஒரு குளோனில் ரூட் பிடித்தவர் மற்ற எல்லாவற்றின் வேடத்தையும் போடலாம். அழித்துவிட்டு முதல் பூட்டில் புதிதாக உருவாக்குவதுதான் வழி, அப்போதும் ரேண்டம் நன்றாக இருக்க வேண்டும். டெபியனுக்கே இதில் ஒரு தழும்பு உண்டு. 2006இல் ஓபன்எஸ்எஸ்எல் பேக்கேஜில் செய்த ஒரு சிறு மாற்றத்தால், பிராசஸ் எண்ணைத் தவிர வேறு எந்தத் தற்செயலும் சாவிக்குள் போகவில்லை. ஒரு வகைச் சாவிக்கு 32,768 சாத்தியங்கள்தான். லுசியானோ பெல்லோ கண்டுபிடித்து 2008 மே மாதம் அது வெளியே வரும்வரை உலகமெங்கும் அந்தச் சாவிகள் ஓடின. 2012இல் நாடியா ஹெனிங்கரும் கூட்டாளிகளும் இணையம் முழுவதையும் அலசியபோது, எஸ்எஸ்எச் சர்வர்களில் 1.03 சதவீதத்தின் டிஎஸ்ஏ ரகசியச் சாவிகளையே எடுக்க முடிந்தது. அகப்பட்டவற்றில் பெரும்பாலானவை ரவுட்டர் போன்ற சிறு சாதனங்கள். பூட் ஆன சூட்டோடு, கையில் போதிய ரேண்டம் சேர்வதற்கு முன்பே சாவி செய்ததும் கையொப்பமிட்டதும்தான் வினை. குளோன்களுக்கும் அதே ஆபத்து உண்டு. ஆகவே சேமித்து வைத்த ரேண்டம் சீட் கோப்பையும் டெம்ப்ளேட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். விஎம்முக்கு விர்ட்ஐஓ-ஆர்என்ஜி ஒன்றைக் கொடுப்பதும் நல்லது.

எல்லாம் துடைத்த பிறகு ‘டெம்ப்ளேட் ஆக்கு’ என்ற கட்டளை. அடைவில் கோப்புகளாக டிஸ்க்குகளை வைத்திருக்கும் ஸ்டோரேஜ் என்றால், இந்த இடத்தில் கோப்பின் பெயர் விஎம் என்று தொடங்குவதிலிருந்து பேஸ் என்று தொடங்குவதாக மாறும். படிக்க மட்டும் அனுமதி, மேலே இம்யூட்டபிள் கொடி. ரூட்டே வந்தாலும் கொடியை எடுக்காமல் ஒரு பைட் மாற்ற முடியாது. 9000 இனி மாறாது.

லிங்க்டு குளோன் கேட்டால் நொடியில் கிடைக்கும். புதிய கியூகவ்2 கோப்பு சில நூறு கிலோபைட்தான். ‘என்னிடம் இல்லாததை 9000இடம் கேள்’ என்பதுதான் அதன் உள்ளடக்கம். எழுதும் ஒவ்வொரு பிளாக்கும் குளோனின் சொந்தக் கோப்பில் சேரும். கூடவே 4 எம்பியில் ஒரு குட்டி சிடி, சிஐடேட்டா என்ற லேபிளோடு மாட்டப்படும். ஹோஸ்ட்நேம், பயனர் பெயர், பொதுச் சாவி, ஐபி எல்லாம் அதில். பூட் ஆகும்போது கிளவுட்-இனிட் அந்த லேபிளைத் தேடி எடுத்து நெட்வொர்க்கை அமைக்கும், பார்ட்டிஷனை டிஸ்க்கின் முழு அளவுக்கு விரிக்கும், சாவிகளைச் செய்யும், பயனரை உருவாக்கும். வெப்-01 என்றோ டிபி-02 என்றோ ஒரு சர்வர் நம்மை உள்ளே விடுகிறது. இதைக் கையால் கிளிக் செய்வதும் டெர்ராஃபார்ம் வழியாக இருபதுக்கு ஒரே முறை சொல்வதும் 9000க்கு ஒன்றுதான்.

ஒரு விசித்திரம் மட்டும். அந்தக் குட்டி சிடியில் இன்ஸ்டன்ஸ்-ஐடி ஒன்று உண்டு. ப்ராக்ஸ்மாக்ஸ் அதை அமைப்புகளின் ஹேஷிலிருந்து செய்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் விஎம்முக்கு இன்னொரு பொதுச் சாவியைச் சேர்த்து ரீபூட் செய்தால் ஹேஷ் மாறும், இன்ஸ்டன்ஸ்-ஐடி மாறும், ‘அட, இது புது இயந்திரம்’ என்று கிளவுட்-இனிட் முடிவுகட்டி ஹோஸ்ட் சாவிகளை மறுபடி உருவாக்கும். அன்றைக்கு உள்ளே போக முயலும் எல்லோருக்கும் யாரோ நடுவில் புகுந்துவிட்டதுபோல் எச்சரிக்கை. பயந்துபோய் செக்யூரிட்டி குழுவைக் கூப்பிடுவார்கள்.

9000க்குள் இன்னும் என்னென்ன போடலாம் என்பது தீராத வாக்குவாதம். எஞ்ஜினெக்ஸ், மானிட்டரிங் ஏஜென்ட், நிறுவனத்தின் சான்றிதழ் என்று போட்டுக்கொண்டே போகலாம். குளோன் சீக்கிரம் தயாராகும். ஆனால் ஒவ்வொன்றும் டெம்ப்ளேட்டை விரைவில் பழையதாக்கும். எஞ்ஜினெக்ஸில் ஓட்டை வந்தால் வெப் சர்வரே இல்லாத குளோனையும் பேட்ச் செய்ய வேண்டியிருக்கும். கெஸ்ட் ஏஜென்டோடு நிறுத்திக்கொண்டு மீதியை ஆன்சிபிளிடம் விடுவதே என் கட்சி. நூறு நூறாக மெஷின்களை ஏற்றி இறக்கும் இடத்தில் இருப்பவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் பேக்கரால் இரவோடு இரவாக முழு இமேஜ் சுட்டு எடுப்பவர்கள்.

எதுவும் போடாவிட்டாலும் 9000க்கு வயதாகும். கெர்னல் அப்டேட்கள் வந்துகொண்டேயிருக்க, புதிய குளோனின் முதல் பூட்டில் இறங்க வேண்டியவை மாதாமாதம் கூடும். திருத்தலாம் என்றால் இம்யூட்டபிள். புதிய இமேஜ் இறக்கி, அதே படிகளைக் கடந்து 9001 பிறக்கும். 2025 ஆகஸ்ட் 9இல் டெபியன் 13 வந்த பிறகு 9002 வேறு.

அப்போது 9000ஐ அழிக்கப் போனால் ப்ராக்ஸ்மாக்ஸ் மறுக்கும்: பேஸ் டிஸ்க் இன்னும் ஒரு லிங்க்டு குளோனின் பயன்பாட்டில் இருக்கிறது. பட்டியலைப் பார்த்தால் யாரோ தற்காலிகமாக என்று சொல்லி எடுத்த குளோன் ஒன்று, ஏதோ ஒரு துறையின் கோப்புகளைச் சுமந்தபடி ஓடிக்கொண்டிருக்கும். அதன் டிஸ்க்கை வேறு ஸ்டோரேஜுக்கு மாற்றினால் முழுப் பிரதியாகிவிடும். வேறு ஸ்டோரேஜ் இல்லையென்றால், பேக்கப் எடுத்து வேறு எண்ணில் மீட்டாலும் அதேதான். இந்த இரண்டாவது வழிக்கு அந்தத் துறை ஒரு மணி நேரம் டவுன்டைம் தர வேண்டும். டெபியன் 12க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை இருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும்.