மழையும் கரையானும் உள்ள ஊரில் மரக் கோபுரம் நிற்குமா?

புலாவ் உபினின் செக் ஜாவாவுக்குப் போயிருந்தால் ஜெஜாவி கோபுரத்தில் ஏறியிருப்பீர்கள். சுமார் 20 மீட்டர் உயரம். மேலே போனதும் மர உச்சிகள் கண்ணுக்கு நேராக வந்துவிடும். கீழே நிற்கும்போது குரல் மட்டும் கேட்ட பறவையை இப்போது பார்க்கவும் முடியும்.

அப்படி ஒரு கோபுரத்தை முழுக்க மரத்திலேயே கட்டினால்? காட்டுக்கு நடுவே மரம்தானே பொருத்தம் என்று தோன்றும். பொருத்தம்தான். ஆனால் நம் ஊர் மழையில் அது எத்தனை ஆண்டு தாங்கும் என்பது வேறு கேள்வி.

மரத்தால் அவ்வளவு உயரம் தாங்க முடியுமா?

தாராளமாக முடியும். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், சோவபெலான் காட்டுக்குள் 35 மீட்டர் உயர மரக் கோபுரம் இருக்கிறது. 2003-ல் கட்டியது. வடிவமைத்தவர் மரக் கட்டுமானத்தில் பேர்போன பொறியாளர் ஜூலியஸ் நாட்டரர். அந்த வட்டாரக் காடுகளில் வெட்டிய டக்ளஸ் ஃபிர் மரம்தான் மூலப்பொருள். ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று என இரண்டு படிக்கட்டுகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு போகின்றன. குறுகலான படியில் எதிரே வருபவருக்கு ஒதுங்கி வழிவிடும் தொல்லை இல்லை.

இன்னும் உயரம் வேண்டுமா? ஆஸ்திரியாவின் பிரமிடன்கோகல் குன்றில் 2013-ல் திறக்கப்பட்ட கோபுரம், மேலிருக்கும் கம்பத்தையும் சேர்த்தால் 100 மீட்டர். லார்ச் மரப் பலகைகளை ஒட்டிச் சேர்த்த 16 தூண்கள், அவற்றைப் பிடித்துக்கொள்ள எஃகு வளையங்கள்.

ஆக, உயரம் பெரிய சிக்கல் இல்லை.

மரம் லேசு. அது நல்லதா?

பாதி நல்லது. டக்ளஸ் ஃபிர் போன்ற மரம் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 500 கிலோ. கான்கிரீட் 2,400 கிலோ. எடை குறைந்தால் அடித்தளமும் சிறிதாகும்; சுற்றியுள்ள மரங்களின் வேர்களை அதிகம் வெட்ட வேண்டியதில்லை. பட்டறையிலேயே துண்டு துண்டாகச் செய்து கொண்டுவந்து பூட்டிவிடலாம். பூங்காவுக்குள் மாதக் கணக்கில் லாரி ஓடாது. பறவைகளுக்கும் நிம்மதி.

ஆனால் லேசான கோபுரத்தைக் காற்று சாய்க்கப் பார்க்கும். அதனால் தூண்களைத் தாங்கினால் மட்டும் போதாது, மேலே தூக்கிவிடாதபடி கீழே இழுத்துப் பிடிக்கவும் வேண்டும். அடிப்பகுதியை அகலமாக வைப்பதும், தூண்களுக்கு இடையே குறுக்குச் சட்டங்கள் போடுவதும் அதற்காகத்தான். மேல் மேடைக்கு இன்னொரு கணக்கு. பள்ளிப் பிள்ளைகள் ஒரு வகுப்பே ஒரே மூலையில் வந்து நிற்பார்கள், இல்லையா? கூட்டம் கூடும் இடத்துக்குச் சதுர மீட்டருக்கு 500 கிலோ வரை கணக்கில் எடுத்துக்கொள்வது வழக்கம்.

இங்கே இடியையும் மறக்க முடியாது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 160 நாளுக்கும் மேல் இடி முழங்குகிறது. மர உச்சிகளுக்கு மேலே தலை நீட்டும் எதற்கும் இடிதாங்கி கட்டாயம். வானம் கறுத்தால் கோபுரத்தைவிட்டு இறங்கிவிடுங்கள்.

அப்போ உண்மையான எதிரி யார்?

தண்ணீர். அதிலும் வழிந்தோடும் தண்ணீர் இல்லை, தேங்கி நிற்கும் தண்ணீர்.

மரத்தை உளுத்துப்போகச் செய்யும் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அதனால் வளர முடியாது. நம் காற்றில் இருக்கும் ஈரத்தாலேயே, மழை படாத நிழலில் கிடக்கும் மரம்கூட 16, 17 விழுக்காட்டைத் தொட்டுவிடும். மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். ஒரே ஒரு இடுக்கில் மழைநீர் தங்கினால் போதும், கோடு தாண்டிவிடும். போதாக்குறைக்கு பூஞ்சைக்குப் பிடித்த வெப்பம் இங்கே ஆண்டு முழுக்க உண்டு.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் காயா கட்டடம் நினைவிருக்கலாம். 2023-ல் திறக்கப்பட்ட பெரிய மரக் கட்டடம். 2025-ல் அதன் மரப் பரப்புகளில் பூஞ்சை படிந்தது செய்தியானது. மேலே படியும் பூஞ்சையும் மரத்தை உள்ளே தின்னும் பூஞ்சையும் ஒன்றல்ல, முதலாவதைத் துடைத்துவிடலாம். ஆனாலும் இந்தக் காற்றில் எவ்வளவு ஈரம் என்பதை அது காட்டிக் கொடுத்துவிட்டது. கோபுரத்துக்கோ சுவரும் இல்லை, குளிர்சாதனமும் இல்லை.

வடிவமைப்பாளர் என்ன செய்வார்?

முதலில் மரத்தின் வெட்டுமுகத்தை மறைப்பார். மரத்தைக் குறுக்கே வெட்டினால் தெரியும் பக்கம், ஸ்ட்ராக்களைக் கட்டாகக் கட்டி வைத்த மாதிரி. தண்ணீரை அப்படியே உறிஞ்சும். அதனால் தூணின் தலைக்கு உலோக மூடி. அடிப்பாகம் மண்ணையும் தொடாது, கான்கிரீட்டையும் தொடாது. எஃகுக் காலணி மேல் தரையைவிட்டு உயர்ந்து நிற்கும். அந்த இடைவெளிக்கு இன்னொரு பயனும் உண்டு. கரையான் மண்குழாய் கட்டி ஏறினால் கண்ணில் பட்டுவிடும்.

அடுத்தது இணைப்புகள். இரண்டு மரங்கள் ஒட்டி உரசும் இடத்தில்தான் ஈரம் ஒளிந்துகொள்ளும். நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டால் காற்று காயவைத்துவிடும். மரம் நீளவாக்கில் அதிகம் நீளாது. அகலவாக்கில் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். போல்ட் துளையைக் கொஞ்சம் நீட்டமாகப் போடாவிட்டால் மரம் பிளந்துவிடும்.

போலந்தின் கிளிவிட்சே நகரில் 110 மீட்டருக்கும் உயரமான வானொலிக் கோபுரம் 1935-லிருந்து நிற்கிறது. லார்ச் மரம், பூட்டியிருப்பது பித்தளை போல்ட்டுகளால். பித்தளை துருப்பிடிக்காது.

எந்த மரம் சரி?

நம் வட்டாரத்திலேயே பதில் உண்டு: செங்கால். தீபகற்ப மலேசியாவின் காட்டு மரம். திரங்கானுவில் மரப் படகு கட்டுபவர்கள் தேடிப்போவது அதைத்தான். கரையானுக்கும் பூஞ்சைக்கும் எளிதில் மசியாது. சிக்கல் என்னவென்றால் அது மெதுவாக வளரும் மரம். பல காலமாக வெட்டி வெட்டி, பெரிய மரங்கள் அரிதாகிவிட்டன. இயற்கைப் பூங்காவில் கோபுரம் கட்ட இயற்கைக் காட்டை வெட்டுவது கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கிறது. தோட்டத்தில் வளர்த்த மென்மரத்துக்குப் பாதுகாப்பு மருந்து ஏற்றிப் பயன்படுத்துவது இன்னொரு வழி. அதற்கு நல்ல கூரையும் அடிக்கடி பராமரிப்பும் தேவை. என்னைக் கேட்டால் இரண்டாவது வழிதான் நியாயம், கட்டும்போதே பராமரிப்புக்கும் பணம் ஒதுக்கியிருந்தால்.

அடுத்த முறை எங்காவது மரப் பாலத்திலோ கோபுரத்திலோ ஏறும் முன் தூணின் அடியைப் பாருங்கள். மரம் தரையைவிட்டுத் தள்ளி நிற்கிறதா? போல்ட்டைச் சுற்றிக் கறுத்திருக்கிறதா? விரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறதா? விழுந்தால் ஏறாதீர்கள், பூங்கா ஊழியரிடம் சொல்லிவிடுங்கள்.