கும்பினி ஊழியருக்கு ஒரு பாடத்திட்டம்: கல்கத்தா 1800, சென்னை 1812

ஊழியர் செய்யவேண்டிய வேலையை முதலில் ஆராய்ந்து, அவ்வேலைக்கெனத் தனியே பயிற்சியை வகுக்கும் முறையை இருபதாம் நூற்றாண்டு ஆலைகளின் கண்டுபிடிப்பாகவே பலரும் கருதுகின்றனர். இந்திய வரலாற்றைப் பயில்வோர் இன்னும் ஒரு நூற்றாண்டு பின்னே செல்லவேண்டும்.

கிழக்கிந்தியக் கும்பினியில் எழுத்தராகச் சேர்ந்த இளைஞர்கள் பெரும்பாலும் பதினாறிலிருந்து பதினெட்டு வயதுக்குள் இந்தியக் கரையில் வந்திறங்கினர். எழுத்தர், இளநிலை வணிகர், முதுநிலை வணிகர் என்று அவர்களின் பதவிப் பெயர்கள் யாவும் பண்டகசாலையின் பெயர்கள். அவர்கள் செய்த பணியோ வரி வசூலும் நீதி பரிபாலனமும். கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி 1800இல் எழுதிய நீண்ட குறிப்பின் மையவாதம் இதுவே: இவர்களை இனி ஒரு வணிக நிறுவனத்தின் முகவர்களாகக் கருத இயலாது. பயிற்சித் தேவை மதிப்பீடு என்று இன்று வழங்குவதற்கு இதைவிடத் தெளிவான முன்னோடி ஆவணத்தைக் காண்பது அரிது.

அவர் வகுத்த தீர்வு வில்லியம் கோட்டைக் கல்லூரி. மூன்றாண்டுப் படிப்பு; அரபு, பாரசீகம், சமஸ்கிருதம், இந்துஸ்தானி, வங்காளி முதலிய மொழிகள்; இந்து, இஸ்லாமியச் சட்டங்கள்; போதாததற்குப் பொருளியல், தாவரவியல், வேதியியல். (வேதியியல் கற்ற கலெக்டர் எந்த நிலத்தகராறைத் தீர்த்திருப்பாரோ!) கல்லூரியின் விதிமுறைக்கு 1800 மே 4 என்று நாளிடப்பட்டது, அது ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த முதலாண்டு நிறைவு நாள். லண்டன் இயக்குநர்கள் செலவைக் கண்டு மிரண்டனர். தம்மைக் கேளாமல் தொடங்கியதும் அவர்களை உறுத்தியது. 1802இல் மூடும்படி ஆணையிட்டனர். இறுதியில் கல்லூரி மொழிப்பள்ளியாகச் சுருங்கி நீடித்தது. பொதுக்கல்வி, 1806இல் இங்கிலாந்தில் தொடங்கப்பெற்றுப் பின்னர் ஹெய்லிபரியில் நிலைகொண்ட கும்பினிக் கல்லூரிக்குச் சென்றது.

கல்கத்தாவின் சம்பளப் பட்டியல் தனி வாசிப்புக்குரியது. வங்காளி கற்பிக்க அமர்த்தப்பட்ட வில்லியம் கேரிக்கு மாதம் 500 ரூபாய்; தலைமைப் பண்டிதர் மிருத்யுஞ்ஜய வித்யாலங்காருக்கு 200; ராம்ராம் பாசுவுக்கு 40. 1801இல் வெளிவந்து, வங்காளி உரைநடையின் முதல் அச்சு நூல்களுள் ஒன்றாக எண்ணப்படும் பிரதாபாதித்யர் சரித்திரத்தை எழுதியவர் அந்த நாற்பது ரூபாய்க்காரர்.

சென்னையில் 1812இல் தோன்றிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் சிக்கல் வேறு. இம்மாகாணத்தில் ஓர் அதிகாரி தமிழ் மாவட்டத்திலிருந்து தெலுங்கு மாவட்டத்துக்கோ, கன்னடம், மலையாளம் வழங்கும் பகுதிக்கோ மாற்றப்படலாம். ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து ஒரு மொழியைக் கற்பது இயலாத காரியம். கல்லூரியை வடிவமைத்த எல்லிஸ், தென்மொழிகளின் உறவையே பாடத்திட்டத்தின் அச்சாணியாக்கினார். ஒன்றைச் செவ்வையாகக் கற்றவனுக்கு மற்றவை எளிதாகும் என்பது கணக்கு. அக்கணக்கு சரியாவதற்கு அம்மொழிகள் உண்மையிலேயே ஒரே குடும்பத்தவை என்று நிறுவியாக வேண்டும். 1816இல் அச்சான கேம்பலின் தெலுங்கு இலக்கண நூலில் எல்லிஸ் சேர்த்த குறிப்பு அதைச் செய்தது. கால்டுவெல் நூல் வெளிவர அப்போது இன்னும் நாற்பது ஆண்டுகள் இருந்தன. திராவிட மொழிக்குடும்பச் சான்றின் பிறப்பிடமாக இக்கல்லூரியைத் தாமஸ் டிரவுட்மன் விரிவாகவே காட்டியிருக்கிறார். நான் அழுத்த விரும்புவது அதற்கு முந்தைய படியை: ஒரு வணிகக் குழுமத்தின் ஊழியர் பயிற்சித் தேவை, மொழியியலின் ஒரு பெரும் கேள்வியை அவசரமாக்கியது.

இங்கும் உழைப்பின் கணக்கு கல்கத்தாவைப் போன்றதே. எல்லிஸின் நிறுவலுக்கு ஆதாரமான தெலுங்கு வேர்ச்சொற்களைத் தொகுத்தவர் கல்லூரியின் ஆசிரியர் பட்டாபிராம சாஸ்திரி. மாமிடி வெங்கய்யாவின் அகராதியும் அதில் பயன்பட்டது. தமிழ்ப் பக்கம் தாண்டவராய முதலியார் போன்றோர் கற்பித்தனர். அவருடைய பஞ்சதந்திர மொழிபெயர்ப்பு 1826இல் அச்சேறியது. திராவிடச் சான்றைப் பற்றிய பாடங்களில் எல்லிஸ், கேம்பல், கால்டுவெல் என்ற வரிசை மாணவர்களுக்கு மனப்பாடம். சாஸ்திரியின் பெயரைத் தேர்வுத்தாளில் நான் இதுவரை கண்டதில்லை.