ஏரி எனும் அமானிதம்



பள்ளிவாசலின் ஹவுளில் ஒளுச் செய்ய அமரும்போது, அந்நீர் எங்கிருந்து வந்தது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கல்வராயன் மலையில் பெய்யும் மழை ஓடைகளாகவும், கோமுகி, மணிமுக்தா எனும் ஆறுகளாகவும் இறங்கி, ஏரிகளில் தங்கி, நிலத்துள் ஊறி, நம் கிணறுகளுக்கு வருகின்றது. எஞ்சியது வெள்ளாற்றில் கலந்து கடலை அடைகின்றது. அல்லாஹ் விலையின்றி வழங்கிய இவ்வருட்கொடையை நகரங்கள் எவ்வாறு இழந்தன என்பதைச் சரித்திரம் நமக்குக் காட்டுகின்றது.

ஏரி காத்த முன்னோர்

தமிழகத்தின் பெரும்பகுதியில் மழை சில மாதங்களே பெய்யும். அதனைத் தேக்கி ஆண்டு முழுவதும் பயன்கொள்ள நம் முன்னோர் கண்ட வழியே ஏரி. ஓர் ஏரி நிறைந்தால் அதன் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு நீர் செல்லும். இவ்வாறு சங்கிலித் தொடராய் அமைந்த ஏரிகள் வெள்ளத்தைத் தணித்தன. நிலத்தடி நீரைப் பெருக்கின. மீனும் புல்லும் வண்டல் மண்ணும் தந்தன. முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரியைப் பராமரிக்கவென்றே ‘ஏரி வாரியம்’ இருந்ததையும், அதன் உறுப்பினர்கள் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டதையும் கூறுகின்றன. ஊர்மக்கள் கூடித் தூர்வாரும் குடிமராமத்து முறையும் நெடுங்காலம் நடைபெற்றது.

சென்னை தரும் படிப்பினை

ஒரு காலத்தில் சென்னையின் மேற்கே நீண்டு கிடந்தது ஒரு பெரிய ஏரி. 1920களில் அதன் மாம்பலம் பகுதி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. ஏரியின் பெயர் தெருக்களில் எஞ்சியது, நீர் எஞ்சவில்லை.

தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் கதையும் இதுவே. முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீரை ஏற்று, ஒக்கியம் மடுவு வழியே கடலுக்கு அனுப்பி வந்த அந்நிலத்தின் பெரும்பகுதி குப்பைக் கிடங்காகவும், சாலைகளாகவும், கணினி நிறுவனங்களின் மாளிகைகளாகவும், குடியிருப்புகளாகவும் மாறியது. எஞ்சியதில் ஒரு பகுதி 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆயினும் இழந்தது இழந்ததே.

அதன் விலையை மக்கள் செலுத்தினர். 2015 டிசம்பரில் பெருவெள்ளம் நகரை மூழ்கடித்தது. அப்போது பள்ளிவாசல்களின் கதவுகள் சாதி மத வேறுபாடின்றி அனைவருக்கும் திறந்ததை நாடே அறியும். நான்கே ஆண்டுகளில், 2019இல், நகருக்குக் குடிநீர் வழங்கும் ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் கொண்டுவரப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மீண்டும் நீரில் மிதந்தன. மழை மிகுந்தால் வெள்ளம், குறைந்தால் வறட்சி. இரண்டுக்கும் இடையே நின்று காத்த ஏரிகளை இழந்ததால் இரண்டு துன்பங்களும் பெருகின.

ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் 1,300க்கும் மேற்பட்ட அறிஞர்கள் ஆய்ந்து 2005இல் வெளியிட்ட அறிக்கை, இயற்கை மனிதருக்கு ஆற்றும் இத்தகைய பணிகளில் பெரும்பாலானவை உலகெங்கும் நலிந்து வருவதாக எச்சரித்தது. ஏரி செய்த பணியை எந்திரத்தால் செய்யப் பெரும்பொருள் வேண்டும்; அப்போதும் முழுமையாகச் செய்ய இயலாது.

நமது கடமை

2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. மாவட்டம் வளர்வது மகிழ்ச்சிக்குரியதே. நம் பிள்ளைகளுக்கு வீடும் தொழிலும் வேண்டும். ஆனால் அவ்வளர்ச்சி ஏரியின் நீர்ப்பிடிப்பையும் வரத்துக் கால்வாயையும் விழுங்கலாகாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் தென்பெண்ணைக் கரையோர ஊர்களைச் சூழ்ந்தது. வெள்ளம் சென்னைக்கு மட்டுமே உரியதன்று என்பதை அப்போது அண்மையிலேயே கண்டோம்.

நீர் பொதுச்சொத்து என்பது நம் மார்க்கத்தின் போதனை. மதீனாவில் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்கு அர்ப்பணித்தார்கள் ஹஸ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள். கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஜுபைதா அம்மையார், மக்காவுக்கு வரும் ஹாஜிகளுக்காகத் தம் பெரும்பொருளைச் செலவிட்டுக் கால்வாய் அமைத்தார். ஒளுவிலும் நீரை விரயம் செய்யலாகாது என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம், ஓர் ஏரியே விரயமாவதைப் பார்த்திருக்கலாமா?

ஆகவே, மனை வாங்குவோர் அது நீர்நிலைப் புறம்போக்கா, நீர்வழியா என்று வருவாய்த் துறைப் பதிவேடுகளில் பார்த்துத் தெளிதல் வேண்டும். கால்வாய்களில் குப்பை கொட்டுதல் கூடாது. ஒளுச் செய்த நீர் வீணே சாக்கடையில் சேராமல் செடிகளுக்கும், நிலத்துள் ஊறும் குழிகளுக்கும் செல்ல வழிசெய்யலாம். ஏரி தூர்வாரும் பணியில் அனைத்துச் சமுதாய மக்களோடும் தோளோடு தோள் நிற்கலாம்.

ஏரி நம் உடைமையன்று. நம் பேரப்பிள்ளைகளுக்காக நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைக் குறைவின்றி ஒப்படைக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் அருள்வானாக! ஆமீன்.