பாமினியும் விண்டோஸ் 98உம்

விண்டோஸா லினக்ஸா என்று கணினி உலகம் வாதிட்டுக்கொண்டிருந்த 2000களின் தொடக்கத்தில், கொழும்புத் தமிழ்ப் பத்திரிகையாளரிடையே வேறொரு விவாதம் நிலவியது. விண்டோஸ் 98ஐக் கைவிடுவதா, வேண்டாமா?

யுனிகோட் 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. எனினும் விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியவற்றில்தான் அத்தமிழ் முறையாகத் தெரிந்தது. புறக்கோட்டையில் நாம் வாங்கிய பழைய கணினிகள் அவற்றைத் தாங்கவில்லை. பாமினி எழுத்துருவோ ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்ததால் எதிலும் இயங்கியது. பக்கம் அமைத்த பேஜ்மேக்கரும் யுனிகோட் தமிழை ஏற்கவில்லை. லினக்ஸில் பேஜ்மேக்கரே இல்லை. ஆகவே, மாற வேண்டாம் என்றோர் பக்கமும் நியாயம் இருந்தது.

2006 யூலையில் விண்டோஸ் 98க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. விவாதம் ஓய்ந்தது, இழப்பு எஞ்சியது. 2002 போர்நிறுத்தக் காலத்தில் பாமினியில் தட்டச்சிட்ட செய்திகள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரிகின்றன. தமிழில் தேடினால் அகப்படுவதில்லை. அச்சுப் பிரதிகளையேனும் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் மின்வருடிப் பேணுகிறது.

அக்கால இறுவட்டுகளை வைத்திருக்கும் நண்பர்களே, யுனிகோட் மாற்றிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன. இறுவட்டுகள் பழுதாகுமுன் மாற்றிவிடுங்கள்.