தைக்: கவிஞன் என்னும் பெயர்

அயர்லாந்து நாட்டில் ஆண் மக்களுக்கு இடப்பெறும் பெயர்களுள் ‘தைக்’ என்பதும் ஒன்று. அந்நாட்டின் பழைய மொழியாகிய கேலிக்கில் அதற்குக் கவிஞன் என்பது பொருள். நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமென நண்பர்கள் பணித்தபோது, எழுதத்தக்க பொருள்கள் வேறு பல இருப்பவும் இப்பெயரே நினைவில் முந்தி நின்றது. நம்மிடையே புலவர், பாவலர், கவிராயர் என்பன கற்றுத் தேர்ந்து, அவையேறிப் பாடியபின் வந்து சேர்பவை. அங்கோ தொட்டிலில் கிடக்கும் மகவையே கவிஞன் என்று அழைத்தனர். அப்பெயர் பிற்காலத்தில் வசைச்சொல்லாகத் தாழ்ந்து, ஏடுகளிலிருந்தும் மறைந்து, பின்னர் மீண்டும் தளிர்த்தது.

முதற்கண் ஒலிப்பைச் சொல்லிவிடுதல் நலம். இப்பெயரை ஆங்கில நெடுங்கணக்கின் ஐந்து எழுத்துகளால் எழுதுவர். ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் அவ்வெழுத்துக் கூட்டத்தைக் கண்டு திகைத்து நிற்பது இன்றும் வழக்கம். நடுவில் நிற்கும் இரண்டு மெய்யெழுத்துகளும் பழங்காலத்தில் சேர்ந்து, ‘அது’ என்னும் நம் சொல்லில் வரும் தகரம் போல மெல்லென ஒலித்தன. நாளடைவில் அவ்வொலி தேய்ந்து முன்னுள்ள அகரத்தோடு கலந்து ஐகாரமாயிற்று. முதலெழுத்தை ஆங்கிலேயர் டகரமாக்கி ‘டைக்’ என்பர். ஐரிஷ் மொழியிலோ அது பல்லைத் தொட்டு எழும் தகரமே. ஆதலின் இப்பெயரை எழுதிக் காட்டுவதில் தமிழெழுத்து ஆங்கிலத்தைவிட ஒரு படி முன்னே நிற்கிறது. ஈற்றுக் ககரத்தை மட்டும் ‘தங்கம்’ என்பதில் வருவதுபோல ஒலித்தல் வேண்டும்.

பெயரின் தொன்மை பெரிது. காலியப் போர்களைப் பற்றிச் சீசர் எழுதிய நூலில், கார்னூட்டர் என்னும் குடியினருக்குத் தாம் அரசனாக்கிய தாஸ்கெட்டியஸ் என்பவன், ஆட்சியின் மூன்றாம் ஆண்டில் தன் மக்களாலேயே கொல்லப்பட்ட செய்தி வருகிறது. நிகழ்ந்த ஆண்டு கி.மு. 54, இடம், இன்றைய பிரான்சில் சார்த்ர் நகரைச் சூழ்ந்த நிலம். அவ்வரசன் பெயரின் முற்பகுதியும் ‘தைக்’ என்பதும் ஒரே கெல்டிய வேரிலிருந்து கிளைத்தவை என்பர் மொழிநூலார். அவ்வேர் மண்ணில் வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்னும் விலங்கைக் குறித்ததென ஒரு சாரார் கூறுவர். பழைய ஐரிஷ் உரையேடுகளோ கவிஞன் என்றே பொருள் உரைக்கின்றன. பகலெல்லாம் ஒளிந்து கிடந்து, இரவில் விழித்து மண்ணைக் கிளறும் உயிருக்கும் கவிஞனுக்கும் உள்ள உறவு யாதென்பதை நம் வட்டத்துக் கவிஞர்களின் ஆராய்ச்சிக்கே விட்டுவிடுகிறேன்.

அக்கால அயர்லாந்தில் கவிஞன் என்பது எளிய சொல்லன்று. கவிஞர் குலத்துள் ஏழு படிகள் இருந்தன. உச்சிப்படியில் நின்றவரை ‘ஒல்லவ்’ என்பர். ஒருவரைக் கொன்றோ இழிவுபடுத்தியோ குற்றம் செய்தவர் கொடுக்கவேண்டிய மதிப்புத் தண்டத்தைப் பழஞ்சட்டம் அவரவர் தகுதிக்கேற்ப வகுத்திருந்தது. ஒல்லவுக்குரிய தண்டம் சிற்றரசனுக்குரியதற்கு ஒப்பாகும். பிற்காலத்துக் கவிப்பள்ளிகளில் மாணாக்கர் சன்னலற்ற இருட்டறையில் படுத்தவாறே நாள் முழுவதும் பா இயற்றுவர் என்றும், மாலையில் விளக்குக் கொண்டுவந்த பின்னரே அதனை எழுத்தில் வடிப்பர் என்றும் 1722இல் அச்சான நூலொன்று விவரிக்கிறது. அரசர் கவிஞருக்கு நிலம் ஈந்தனர். ஈயாதவர் அஞ்சினர்; அறம் பாடினால் முகத்தில் கொப்புளம் எழும் என்பது அந்நாட்டாரின் நம்பிக்கை.

ஆதலின் அரசரும் தம் மக்களுக்கு இப்பெயரை விரும்பி இட்டனர். 1014இல் குளோண்டார்ஃப் போர்க்களத்தில் பிரையன் போரு என்னும் பேரரசன் பக்கம் நின்று வீழ்ந்தவர்களுள் ஊ மானி நாட்டு மன்னன் தைக் மோர் ஓ கெல்லி ஒருவன். பிரையனின் மகன் ஒருவனுக்கும் அப்பெயரே. 1023இல் உடன்பிறந்தானின் சூழ்ச்சியால் அவன் உயிர் துறந்தான். 1118இல் தெஸ்மாண்ட் என்னும் தென்னாடு தனியரசாகப் பிரிந்தபோது அதன் முதல் மன்னனும் ஒரு தைக்கே. அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயர்கூட ஐரிஷ் பெயர்களைச் சூடத் தொடங்கினர் போலும். 1366இல் கில்கென்னியில் இயற்றிய சட்டம், ஆங்கிலேயர் ஆங்கிலப் பெயரே கொள்ளவேண்டுமெனக் கட்டளையிட நேர்ந்தது.

பெயருக்கேற்பக் கவிஞராகவே வாழ்ந்தவருள் முதலில் நிற்பவர் தைக் தால் ஓ ஹிகின். ‘தால்’ என்பதற்குப் பார்வையற்றவர் என்று பொருள். ஏறத்தாழ 1550இல் பிறந்த இவர், நாட்டின் வடமேற்கில் சிலைகோ பகுதியினர்; வழிவழியாகக் கவிபாடிய குடியினர். என்னிஸ்கில்லன் கோட்டையில் மகயர் தலைவனின் விருந்தினராய்த் தங்கி, அங்கு நிகழ்ந்தவற்றை அவர் பாடிய பாட்டு புகழ் பெற்றது. கண்ணில்லாதவர் பாடியது அது என்பதை மறந்தே படிப்போம். ஏறத்தாழ நாற்பது பாடல்கள் எஞ்சியுள்ளன. எலினோர் நாட் என்னும் பெண்மணி அவற்றைச் செப்பம் செய்து 1922இலும் 1926இலும் இரு பகுதிகளாக வெளியிட்டார்.

அவருடைய இறுதி பற்றி ஒரு மரபுக்கதை உண்டு. ஓ ஹாரா குடியைச் சேர்ந்த அறுவர் அவர் இல்லம் புகுந்து, இருந்த உணவையெல்லாம் உண்டு சென்றனர். கவிஞர் அவர்கள்மீது ஒரு வசைக்கவி பாடினார். அவர்கள் திரும்பி வந்து அவர் நாவை அறுத்துக் கொன்றனர் என்பது கதை. காலம் 1591ஐ ஒட்டியது. வசைக்கவிக்கு அரசரும் அஞ்சிய நாடு அது. அங்கே கவிஞனின் நாவில் கத்தி வைக்க ஆறு பேர் துணிந்தனர் என்று மக்கள் சொல்லத் தொடங்கியதே காலம் மாறிவிட்டதற்கு அறிகுறி எனக் கொள்ளலாம்.

மாற்றம் விரைந்து வந்தது. 1601இல் கின்சேல் போரில் ஐரிஷ் தலைவர்கள் தோற்றனர். 1607இல் வடபுலத் தலைவர்கள் கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்றுவிட்டனர். கவிஞரை ஆதரித்த கை அற்றது. அந்நிலையிலும், 1616ஐ ஒட்டித் தென்னாட்டுக் கவிஞர் தைக் மக் தாரி, வடக்கினும் தெற்கே சிறந்தது என ஒரு வாதைத் தொடங்கினார். வடபுலத்தார் மறுத்துப் பாடினர். சில ஆண்டுகள் இக்கவிப்போர் நீண்டது. கேட்டுப் பரிசளிக்க அரசவை இல்லாத காலத்தில் எந்தக் குலம் பெரிதென்று இரு பக்கமும் யாப்புப் பிழையின்றி வாதிட்டதை எண்ணுந்தோறும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, நெஞ்சும் கனக்கிறது. முதுமையில் அவர் நிலத்தைப் பறித்துக்கொண்ட குரோம்வெல்லின் படைவீரன் ஒருவன், இப்போது பாடு பார்க்கலாம் என்று எள்ளியவாறே அவரைக் குன்றிலிருந்து உருட்டிவிட்டான் என்பது செவிவழிச் செய்தி.

கவிஞர் குலம் அழிந்தது, பெயர் அழியவில்லை. ஊருக்குப் பத்துப் பேர் இருந்தமையின், அது இன்னாரென்று குறியாத பொதுச்சொல்லாயிற்று. ‘சந்தைத் தைக்’ என்றால் தெருவில் போகும் எவனோ ஒருவன். ‘இரு பக்கத் தைக்’ என்றால் இரண்டு பக்கமும் பேசுகிற வஞ்சகன். ஐரிஷ் மக்கள் தமக்குள் வழங்கிய இவ்வழக்குகளில் நகைப்பு மட்டுமே உண்டு. ஆங்கிலேயர் வாயிலோ இப்பெயர் ‘டீக்’ எனத் திரிந்து, நாகரிகமற்ற ஐரிஷ்காரன் என்னும் பொருள் கொண்டது. 1662இல் லண்டனில் அரங்கேறிய ‘தி கமிட்டி’ என்னும் நகை நாடகத்தில் ஐரிஷ் வேலைக்காரனுக்கு அதுவே பெயர். 1688இல் நாடெங்கும் பரவி, இரண்டாம் ஜேம்ஸ் அரசரை வீழ்த்துவதற்குத் துணை நின்றதாகச் சொல்லப்படும் ‘லில்லிபுலேரோ’ என்னும் ஏளனப் பாட்டிலும் அப்பெயரே இழிக்கப்படுகிறது. வட அயர்லாந்தில் 1969 முதல் 1998 வரை நடந்த உள்நாட்டுப் பூசலின்போது பெல்ஃபாஸ்ட் நகரச் சுவர்களில் கத்தோலிக்கரைப் பழித்து எழுதிய வசைச்சொல்லும் இதன் திரிபேயாகும். எழுதியவருக்கு அச்சொல்லின் பொருள் தெரிந்திராது. கவிஞன் என்று எழுதிக் கொலை மிரட்டல் விடுத்தனர்.

இனி, ஏடுகளிலிருந்து பெயர் மறைந்த வகையைக் காண்போம். கத்தோலிக்கக் குருமார் ஞானஸ்நானப் பதிவேட்டை இலத்தீனில் எழுதினர். தைக் என்பதற்கு இலத்தீன் இல்லாமையால், ஓசை ஒருவாறு ஒத்த ததேயு என்னும் அப்போஸ்தலர் பெயரை இட்டனர். ஆங்கிலத்தில் எழுதவேண்டி வந்தபோது திமொத்தேயுவைத் தேர்ந்து ‘டிமொத்தி’ என்றனர். முன்னது அரமேய வழி வந்தது. பின்னது தேவனை மதிப்பவன் எனப் பொருள்படும் கிரேக்கப் பெயர். இரண்டுக்கும் கவிஞனுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. 1831இல் தொடங்கிய அரசுத் தொடக்கப்பள்ளிகளும் ஆங்கிலப் பெயரையே ஏற்றன. கார்க், கெரி ஆகிய தென்மேற்குப் பகுதிகளில் டிமொத்திகள் மலிந்தது இவ்வாறுதான். வீட்டில் தாய் அழைப்பது தைக்; வெளியே எழுதுவது டிமொத்தி.

இந்த இரட்டை வாழ்வுக்குச் சான்றாக ஒரு நூலே உள்ளது. தைக் கேலக் ஓ சல்லிவன் (1715–1795) இளமையில் ஊர் ஊராய்த் திரிந்து பாடியவர். பின்னாளில் பக்திப் பாடல்களில் மனத்தைச் செலுத்தியவர். அவர் மறைந்தபின், 1802இல் குளோன்மெல் நகரில் பாடல்கள் அச்சேறின. பாடல்கள் முழுவதும் ஐரிஷ் மொழி. நூலின் பெயரோ ஆங்கிலம். ஆசிரியர் பெயர் டிமொத்தி ஓ சல்லிவன். மக்கள் தைக் கேலக் என்று அழைப்பர் என்னும் குறிப்பு அதனோடு ஒட்டி நிற்கிறது. ‘கேலக்’ என்பதற்கு ஐரிஷ்காரன் என்று பொருள். ஐரிஷ் கவிஞன் என்பதைத் தவிர வேறொன்றும் கூறாத பெயரை உடைய ஒருவர், தம் மொழியில் பாடிய நூலின் முகப்பில் கிரேக்கப் பெயரோடு நிற்க நேர்ந்தது. அந்நூல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலமுறை மறுபதிப்புப் பெற்றது. பாடியவரை மக்கள் எப்பெயரால் நினைத்தனர் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

டபிள்யூ. பி. யேட்ஸ் 1903இல் அரங்கேற்றிய ‘மணற்கடிகை’ நாடகத்தில் பித்தனுக்கு இப்பெயரைக் கொடுத்தார். ஊரார் அனைவரும் அறிஞன் சொல் கேட்டு நம்பிக்கை இழந்துவிட, நம்பிக்கையோடு எஞ்சியவன் அப்பித்தன் ஒருவனே. இகழ்ச்சிக்குரியதாய்ப் போன பெயரை வைத்தே இகழ்ந்தவரைத் திருப்பியடித்த சாமர்த்தியம் இது என்பது என் துணிபு. ஸ்காட்லாந்திலும் இப்பெயர் குடிப்பெயருக்குள் ஒளிந்து வாழ்கிறது. அந்நாட்டுக் கவிஞர் நார்மன் மக்கேக் (1910–1996) ஆங்கிலத்திலேயே எழுதியவர். அவர் தாய் கேலிக் பேசும் ஸ்கல்பே தீவினர். மக்கேக் என்பது மக் தைக் என்பதன் திரிபு. கவிஞன் மகன் என்பது அதன் பொருள்.

1893இல் தோன்றிய கேலிக் கழகம் மொழியோடு பெயர்களையும் மீட்க முயன்றது. 1923இல் பாட்ரிக் வுல்ஃப் என்னும் பாதிரியார் ஐரிஷ் பெயர்களைத் தொகுத்து நூலாக்கினார். ஆயினும் பயன் உடனே விளையவில்லை. அயர்லாந்தின் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் 1964 முதல் தொகுத்துள்ள குழந்தைப் பெயர்க் கணக்கில், தொடக்க ஆண்டுகளில் தைக் அரிய பெயரே. ஐரிஷ் வழிப் பள்ளிகள் பெருகிய பின்னரே நிலை மாறியது. விளையாட்டு வீரர்களும் துணை செய்தனர். கெரியைச் சேர்ந்த தைக் கென்னலி 2005இல் ஆஸ்திரேலியக் கால்பந்தின் முதன்மைப் பட்டத்தையும், 2009இல் தாய்நாட்டின் கேலிக் கால்பந்துப் பட்டத்தையும் வென்ற அணிகளில் ஆடினார். ரக்பி வீரர் தைக் ஃபர்லாங் பெயரை ஆங்கில வருணனையாளரும் சரியாக ஒலிக்கக் கற்றுக்கொண்டனர். 2020க்குப் பிந்திய ஆண்டுகளில் அந்நாட்டு ஆண் குழந்தைப் பெயர்களின் முதல் இருபதுக்குள் தைக் இடம் பெற்றுள்ளது. அயர்லாந்துக்கு வெளியே அது இன்னும் அரிதே.

மூத்த மகனுக்குப் பாட்டன் பெயரை இடுவது ஐரிஷ் மக்களின் பழைய வழக்கம். நம் மொழியில் ‘பேரன்’ என்னும் சொல்லே ‘பெயரன்’ என்பதன் மரூஉ ஆதலின், இது நமக்குப் புதிதன்று. கெரி நாட்டுக் கல்லறைகளில் டிமொத்தி என்று பொறித்த கற்கள் வரிசையாக நிற்கின்றன. அவர்கள் வழியில் வந்த சிறுவர்கள் இன்று பள்ளி வருகைப் பதிவேட்டில் தைக் என்று எழுதப்படுகின்றனர். பெயர் மாறிவிட்டதெனப் பதிவேட்டை மட்டும் பார்ப்பவர் நினைப்பர். பாட்டனை வீட்டார் அழைத்தது அப்படித்தான்.