தொண்டும் தோழமையும்
மேலை மலைநாட்டு வரலாற்றில் ஓர் ஏடு

பிறந்த மண்ணை விட்டுப் பிற மண்ணில் வாழ்வோர் இரு வகையினர். பொருள் தேடிச் செல்வோர் ஒரு வகையினர். பிறர்க்கு உழைப்பதற்கென்றே செல்வோர் மற்றொரு வகையினர். இக்குடியிருப்பில் வாழும் நாம் பெரும்பாலும் முதல் வகையைச் சார்ந்தவர்கள். அலுவல் நம்மை இங்குக் கொணர்ந்தது. குடும்பமும் குழந்தைகளும் நம்மை இங்கு நிலைக்கச் செய்தன. ஆயினும், இரு வகையினர்க்கும் பொதுவான வினா ஒன்று உண்டு. அயலார் நடுவே எவ்வாறு வாழ்தல் வேண்டும் என்பதே அவ்வினா. அதற்கு விடை காணும் பொருட்டு, கடல் கடந்து நம் நாட்டிற்கு வந்து உழைத்த கிறித்துவத் தொண்டர் சிலரின் அன்றாட வாழ்க்கையை இக்கட்டுரையில் ஆராய்வோம். அவர்களுள் பலருக்குத் தமிழகமும் அதனை அடுத்த மலைநாடுமே களமாயின.

எல்லை நிலம்

மேற்குத் தொடர்ச்சி மலையில் தமிழகத்தையும் கேரளத்தையும் இணைக்கும் பகுதிகள் இரண்டு நம் நினைவிற்கு உரியன. ஒன்று, சுமார் 30 கிலோமீட்டர் அகலம் உடைய பாலக்காட்டுக் கணவாய். மற்றொன்று, 2,695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடியைத் தன்னகத்தே கொண்ட இடுக்கி மலைநாடு. பாலக்காடு, 1956 நவம்பர் முதல் நாள் வரை சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர்-கொச்சி நாட்டினின்று அதே நாளில் கேரளத்தைச் சேர்ந்தன. பின்னர் 1972 ஜனவரி 26ஆம் நாள் இடுக்கி தனி மாவட்டமாயிற்று. சித்தூர் வட்டத்தின் சிற்றூர்களிலும், பாலக்காட்டு அக்கிரகாரங்களிலும், மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களிலும் இன்றும் தமிழ் ஒலிக்கின்றது.

இம்மலைநாட்டிற்கு ஐரோப்பியர் முதலாளிகளாகவும் வந்தனர். பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து மன்றோ துரை 1877ஆம் ஆண்டில் கண்ணன் தேவன் மலைகளை உரிமையாகப் பெற்றார். காடு அழிந்து தோட்டம் எழுந்தது. கங்காணிமார் தமிழ்நாட்டுச் சிற்றூர்களினின்று ஆள் திரட்டி வந்தனர். மேட்டில் துரையின் பங்களா. பள்ளத்தில் தொழிலாளர் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த லயம். இரண்டிற்கும் இடையே நடந்து கடக்கும் தொலைவே இருந்தது. ஆயினும் பங்களாவின் உணவு மேசைக்கு லயத்தினின்று ஒருவரும் விருந்தினராய்ச் சென்றதில்லை. இத்தொலைவை நினைவில் இருத்திக்கொண்டே பின்வரும் வரலாற்றைக் காணுதல் வேண்டும்.

மொழியே முதற்படி

1836ஆம் ஆண்டில் இருபத்திரண்டு வயதுடைய செருமானிய இளைஞர் ஒருவர் சென்னையில் வந்து இறங்கினார். அவர் பெயர் எர்மன் குண்டர்ட். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் எர்மன் எசே இவருடைய பேரரே. குண்டர்ட் இந்நாட்டில் முதலில் கற்றது மலையாளம் அன்று, தமிழ்! திருநெல்வேலியிலும் சித்தூரிலும் தங்கித் தமிழ் பயின்ற பின்னரே, 1839ஆம் ஆண்டில் தலைச்சேரியை அடைந்தார். ஆங்கு மக்கள் வாய்ச்சொற்களையும் பழமொழிகளையும் ஏட்டுச் சுவடிகளையும் இருபதாண்டுகள் தேடித் தொகுத்தார். 1847இல் மலையாளத்தின் முதற் செய்தி இதழை வெளியிட்டார். 1859இல் நாடு திரும்பிய பிறகும் உழைப்பை விடாது, 1872இல் மலையாள-ஆங்கில அகராதியை நிறைவு செய்தார். அவர் மனைவியார் சூலி அம்மையார் தலைச்சேரியில் பெண்களுக்குக் கல்வி அளித்தார்.

குண்டர்ட் சார்ந்திருந்த பாசல் மிஷன் பாலக்காட்டிலும் பணி செய்தது. சமயம் மாறியதால் சாதித் தொழிலையும் உறவையும் இழந்த ஏழை மக்களுக்குப் பிழைப்பு வேண்டியிருந்தது. அதன் பொருட்டு நெசவுச்சாலைகளும் ஓட்டுத் தொழிற்சாலைகளும் எழுந்தன. பாலக்காட்டில் அமைந்த ஓட்டுச்சாலை அவற்றுள் ஒன்று. முதல் உலகப் போர் மூண்டபோது செருமானியத் தொண்டர்கள் காவலில் வைக்கப்பட்டுப் பின் நாட்டை விட்டு அனுப்பப்பட்டனர். தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்டு என்னும் நிறுவனத்தின் கைக்குச் சென்றன. ஆயினும் கைத்தொழில் கற்ற குடும்பங்கள் இங்கேயே இருந்தன. அகராதியும் இங்கேயே இருந்தது. வந்தவர் சென்ற பின்னும் எது எஞ்சி நிற்கின்றதோ அதுவே தொண்டின் உண்மையான அளவுகோல் என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

எடின்பரோவில் ஒரு தமிழ்க் குரல்

எனினும், உழைப்பு மட்டும் போதுமோ? இவ்வினாவை உலகின் முன் எழுப்பியவர் ஒரு தமிழர் என்பது நாம் பெருமையுடன் நினைத்தற்குரியது. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874ஆம் ஆண்டு பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903இல் தோழர்களுடன் கூடி, இந்தியர் பொருளாலும் இந்தியர் உழைப்பாலும் நடைபெறும் மிஷனெரி சங்கம் ஒன்றை அமைத்தார். அச்சங்கம் நிசாம் நாட்டுத் தோர்ணக்கல்லுக்குத் தமிழ்த் தொண்டரை அனுப்பிற்று. தெலுங்கு நாடு அவர்களுக்கு அயல்நாடே ஆயிற்று: மொழி வேறு, உணவு வேறு, அரசும் வேறு. 1909இல் அசரியாவே தம் முந்தைய பணியைத் துறந்து ஆங்குச் சென்று குடியேறினார். 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக உயர்ந்தார்.

1910இல் எடின்பரோ மாநகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஆங்கு அசரியா பேசிய பேச்சு பலரை நாணச் செய்தது. சிலரைச் சினங்கொள்ளவும் செய்தது. மேல்நாட்டார் பொருளைக் கொடுத்தார்கள், உயிரையும் கொடுத்தார்கள் என்பதை அவர் மறுக்கவில்லை, நன்றியோடு ஏற்றுக்கொண்டார். ஆனால் தாம் வேண்டுவது நண்பர்களை என்றார். உடன் உழைக்கும் இந்தியரை வீட்டிற்கு அழைத்து ஒருங்கிருந்து உண்ணவும் தயங்கும் நிலையை வெளிப்படையாக எடுத்துரைத்தார். பங்களாவுக்கும் லயத்திற்கும் இடைப்பட்ட தொலைவைப் பற்றி மேலே கூறினோம். அத்தொலைவு தோட்டங்களில் மட்டுமன்றித் தொண்டிலும் இருந்தது என்பதே அவர் பேச்சின் சாரம்.

திருப்பத்தூர் அண்ணன்மார்

அக்குரலுக்கு விடை போல் அமைந்தது திருப்பத்தூர்க் கிறிஸ்துகுல ஆசிரமம். தமிழரான மருத்துவர் சவரிராயன் இயேசுதாசனும், ஸ்காட்லாந்து நாட்டுச் செல்வக் குடியிற் பிறந்த மருத்துவர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் 1921ஆம் ஆண்டில் அதனை நிறுவினர். பேட்டனுக்கு அப்பொழுது முப்பது வயது. இருவரும் கதர் உடுத்தனர்; எளிய உணவை ஒன்றாக அமர்ந்து உண்டனர்; ஏழை நோயாளிகளுக்கு மருத்துவம் செய்தனர். ஊர் மக்கள் இயேசுதாசனைப் பெரியண்ணன் என்றும், பேட்டனைச் சின்னண்ணன் என்றும் அழைத்தனர். வெள்ளையர் ஆண்ட காலத்தில் வெள்ளையர் ஒருவர் ‘துரை’ என அழைக்கப்படாது, ஒரு தமிழருக்கு இளையவராய் நின்று ‘சின்னண்ணன்’ எனப் பெயர் பெற்றார் என்பதன் பொருளை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. 1932இல் சென்னையில் மறியல் நடந்த இடத்தில் கதருடையில் நின்ற அவரைப் போலீசார் தடியால் அடித்தனர். அச்செய்தி பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை சென்றது.

காவிரிக் கரையினின்று குரிசுமலைக்கு

1950ஆம் ஆண்டில், குளித்தலை அருகே காவிரிக் கரையில் சாந்திவனம் என்னும் ஆசிரமத்தைப் பிரெஞ்சு நாட்டுத் துறவியர் இருவர் தொடங்கினர். மோன்சானின் அடிகளும், பின்னர் அபிஷிக்தானந்தர் எனப் பெயர் பூண்ட லெ சோ அடிகளுமே அவர்கள். பெல்ஜிய நாட்டினின்று 1955இல் வந்த பிரான்சிஸ் மாயூ அடிகள் சாந்திவனத்தில் தங்கி இந்தியத் துறவு வாழ்வைப் பயின்றார். பிறகு, ஆங்கிலேயரான பீட் கிரிபித்ஸ் அடிகளுடன் சேர்ந்து, 1958 மார்ச்சு மாதத்தில் பீர்மேட்டை அடுத்த வாகமண் மலைமேல் குரிசுமலை ஆசிரமத்தை நிலைபெறச் செய்தார்.

அங்கு அவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர்? தொடக்கத்தில் மூங்கிலும் முடைந்த ஓலையும் கொண்டு கட்டிய குடிலே இல்லம். தரை சாணத்தால் மெழுகப்பட்டது. மின்விளக்கும் குழாய் நீரும் இல்லை. படுக்கை பாய், உடை காவி, உணவு மரக்கறி, நடை வெறுங்கால் நடை. விடியலுக்கு முன் எழுந்து வழிபாடு. பகலில் தொழுவத்திலும் வயலிலும் உடலுழைப்பு. இடையிடையே சிரியன் மரபின்படி வேளைதோறும் இறைவேண்டல். இரவில் ஆழ்ந்த மௌனம். வருவோரும் அவ்வுணவையே, அவ்வாறே தரையில் அமர்ந்து உண்டனர். பங்களாவில் வாழும் ஐரோப்பியரையே எண்பதாண்டுகள் கண்டு பழகிய மலைநாடு, சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து உண்ணும் ஐரோப்பியரை அப்பொழுதுதான் கண்டது!

அவ்விருவரும் அப்பொழுது ஐம்பதை ஒட்டிய வயதினர். ஆனால், அவர்களைச் சுற்றிக் கூடியோர் கேரள இளைஞர்கள். இவ்விளைஞர்களுடன் சேர்ந்து மழையும் காற்றும் மிகுந்த புல்மலையை மேய்ச்சல் நிலமாக்கினர். கலப்பினப் பசுக்களை வளர்த்துப் பால் பண்ணை அமைத்தனர்; அக்கம்பக்கத்து உழவரும் அதனால் பயன் பெற்றனர். இக்காலத்தை ஒட்டியே, 1963இல், மூணாற்றை அடுத்த மாட்டுப்பெட்டியில் இந்திய-சுவிஸ் கூட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றுச் சுனந்தினி என்னும் கலப்பினப் பசு உருவாயிற்று என்பதும் நினைவு கூரத்தக்கது.

1968இல் பீட் அடிகள் சாந்திவனத்தின் பொறுப்பை ஏற்றுத் தமிழகம் வந்தார். 1993இல் அங்கேயே மறைந்தார். பிரான்சிஸ் ஆச்சாரியர் இந்தியக் குடியுரிமை பெற்று, 2002இல் உயிர் நீத்தார். வந்தவர் விருந்தினராய் வந்து, வீட்டாராய் மண்ணில் கலந்தனர்.

வாகமண்ணில் ஒரு கட்டடக் கலைஞர்

அதே வாகமண்ணிற்கு 1963இல் மற்றோர் ஆங்கிலேயர் வந்தார். அவரே லாரி பேக்கர். பர்மிங்காம் நகரில் 1917இல் பிறந்து கட்டடக் கலை பயின்றவர். குவேக்கர் என்னும் கிறித்துவப் பிரிவினர். போரில் ஆயுதம் ஏந்துவதில்லை என்பது அப்பிரிவின் கொள்கை. ஆதலின் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், இருபதுகளின் நடுவில் இருந்த அவர், நண்பர் மருத்துவ ஊர்திப் படையின் தொண்டராய்ச் சீன நாடு சென்று நோயாளிகட்குப் பணி புரிந்தார். திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியடிகளைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. ஒரு வீட்டிற்கு வேண்டிய பொருள்கள் ஐந்து கல் தொலைவிற்குள்ளேயே கிடைத்தல் வேண்டும் என்னும் அடிகளின் கருத்து அவர் உள்ளத்தில் பதிந்தது.

1945இல் தொழுநோயாளிகட்கான பணியில் சேர்ந்து இந்தியா வந்தார். 1948இல் கேரளத்து மருத்துவர் எலிசபெத் அம்மையாரை மணந்தார். இருவரும் இமயத்துப் பித்தோரகட்டில் பதினாறு ஆண்டுகள் உழைத்தனர். அம்மையார் மருத்துவம் செய்தார். பேக்கர் உதவியாளராய் நின்றார். அங்கே மலை மக்கள் கல்லும் மண்ணும் மரமும் கொண்டு கட்டும் வீடுகளைக் கண்டு, தாம் கல்லூரியில் கற்றதைவிடப் பெரிய கல்வி அது என உணர்ந்தார். கற்பிக்க வந்தவர் மாணவர் ஆனார்!

வாகமண்ணிலும் மலைவாழ் மக்களிடையே அதே வாழ்வு தொடர்ந்தது. பின்னர்த் திருவனந்தபுரம் சென்று, எளியோர்க்கு ஏற்ற சிக்கனக் கட்டட முறைகளை நாடறியச் செய்தார். செங்கல்லை நிமிர்த்தி அடுக்கி இடையில் வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டு, செங்கற் செலவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைக் குறைப்பது. 1990இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. 2007இல் இந்தியக் குடிமகனாகவே மறைந்தார்.

நாம் கொள்ள வேண்டுவது

இவர்கள் அனைவரும் ஒரு சமயத்தார். நம் சங்கத்தில் பல சமயத்தார் உள்ளோம். அச்சமயத்தை ஏற்பதோ மறுப்பதோ அவரவர் உரிமை. நாம் கொள்ள வேண்டுவது அவர்களின் வாழ்க்கை முறையில் உள்ளது. மொழியைக் கற்றனர், அயலாரின் உணவை உண்டனர், அயலாரின் தரையில் அமர்ந்தனர், அயலாரிடம் கற்றனர். தம்மை இழந்துவிட்டனரோ எனின், இல்லை. குரிசுமலைத் துறவியர் தம் வழிபாட்டை ஒரு நாளும் விட்டதில்லை. பேக்கர் இறுதிவரை குவேக்கராகவே வாழ்ந்தார். தம் வேரை இழக்காமலே பிறர் முற்றத்தில் நிழல் தந்தனர்.

நாம் இக்குடியிருப்பில் தமிழ்ப் பள்ளி நடத்துகிறோம். பொங்கல் விழா எடுக்கிறோம். நம் உணவும் இசையும் இங்கு வாழ்கின்றன. இவை யாவும் வேண்டுவனவே. ஆயினும் அடுத்த தெருவில் இருப்போர் பேசும் மொழியில் நம்முள் எத்தனை பேர் கடைத்தெருப் பேச்சிற்கு அப்பால் உரையாட வல்லோம்? நம் விழாவிற்கு அவர்களும் அவர்கள் விழாவிற்கு நாமும் எத்தனை முறை சென்றுள்ளோம்? நம் பிள்ளைகளுக்கு இந்நிலம் பிறந்த மண்; நமக்கோ இது இன்னும் தங்குமிடமாகவே தோன்றுகின்றது. இப்பிளவை வளரவிட்டால், பிள்ளைகள் இரண்டு வீட்டிற்கும் அயலாராய் நிற்பர்.

ஆதலின், வரும் ஆண்டு முதல் நம் தமிழ் வகுப்பின் அருகே இந்நிலத்து மொழி வகுப்பு ஒன்றும் பெரியோர்க்கென நடைபெறுதல் நன்று. ஆண்டு விழா விருந்தில் அயல் வீட்டார்க்கும் ஓர் இலை விரிப்போமாக. அசரியா அன்று எடின்பரோவில் கேட்டது அவ்வளவே. அதனைக் கொடுக்கும் நிலையில் இன்று நாம் இருக்கிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க தோழமை!