இரண்டாவது சனிக்கிழமைகளின் கதை

கம்ப்யூட்டர் வேலை என்றாலே, ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு திரைக்கு முன் தனியாக உட்கார்ந்திருப்பதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். வெப்சைட் கட்டும் தொழிலில் இருபது வருடத்துக்கும் மேலாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தத் தொழிலின் முக்கியமான கருவிகள் பல, நம் சங்கக் கூட்டம் மாதிரி நாலு பேர் கூடிப் பேசிய இடங்களில் வளர்ந்தவை. நாற்காலிப் பற்றாக்குறை, தாமதமாக வருகிறவர்கள், வேறு யாரும் முன்வராததால் ஒரே ஆள் திரும்பத் திரும்பச் செயலாளர் ஆவது என்று நமக்குப் பழக்கமான எல்லாமே அங்கும் உண்டு. கேட் என்ட்ரி, மெயின்டனன்ஸ் பில், பிளம்பர் புகார் எல்லாம் ஆப்புக்குள் போய்விட்ட நேரத்தில் அந்தக் கூட்டங்களின் வரலாறு நமக்கும் பயன்படும்.

போட்டிக் கம்பெனிகள் சேர்ந்த சங்கம்

1955-இல் ஐபிஎம் நிறுவனம் 704 என்ற பெரிய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் இருந்த விமானக் கம்பெனிகள் அதை வாங்க முன்வந்தன. இயந்திரம் வரும், ஆனால் அதில் ஓட வேண்டிய புரோகிராம்களைப் பெரும்பாலும் வாங்கியவர்களே எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே கணக்கைப் பத்து கம்பெனிகள் தனித்தனியாக எழுதுவது வீண் செலவு என்று புரிந்ததும், வியாபாரத்தில் போட்டியாளர்களான அவர்களே சேர்ந்து ‘ஷேர்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். எழுதிய புரோகிராம்களைப் பகிர்ந்துகொண்டார்கள். தங்களுக்கு என்ன தேவை என்று ஐபிஎம்மிடம் ஒரே குரலில் கேட்டார்கள். ஒரு வீட்டுக்காரர் தனியாகப் போய் பில்டரிடம் கேட்பதற்கும் அசோசியேஷனாகப் போய்க் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா?

கார் ஷெட்டில் முப்பது பேர்

1975 மார்ச் 5 அன்று கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கார்டன் ஃபிரெஞ்ச் என்பவர் வீட்டுக் கார் ஷெட்டில் சுமார் முப்பது பேர் கூடினார்கள். ஆல்டேர் 8800 என்ற சிறிய கம்ப்யூட்டர் அப்போதுதான் வந்திருந்தது. அதற்குக் கீபோர்டும் கிடையாது, திரையும் கிடையாது. முன்பக்கத்தில் சுவிட்சுகளும் சின்ன விளக்குகளும்தான். இதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று பேசத்தான் அந்தக் கூட்டம். ‘ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப்’ என்று பெயர் வைத்தார்கள்.

அன்று வந்திருந்தவர்களில் ஸ்டீவ் வோஸ்னியாக்கும் ஒருவர். பிறகு தான் வடிவமைத்த கம்ப்யூட்டரின் சர்க்யூட் படத்தை கிளப்பில் இலவசமாகவே கொடுத்தார். அந்த வடிவமைப்புதான் 1976-இல் ஆப்பிள் 1 என்று விற்பனைக்கு வந்தது.

அதே கிளப்பில் ஒரு சண்டையும் ஆரம்பித்தது. ஆல்டேருக்காக பில் கேட்ஸும் அவர் நண்பர்களும் எழுதிய பேசிக் மொழி, துளையிட்ட காகித நாடாவில் வந்தது. உறுப்பினர்கள் அதைப் பிரதி எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டார்கள். கோபமடைந்த கேட்ஸ் 1976 பிப்ரவரியில் பகிரங்கக் கடிதம் எழுதினார். உழைத்தவனுக்குப் பணம் வராவிட்டால் நல்ல சாஃப்ட்வேரை யார் எழுதுவார்கள் என்பது அவர் வாதம். நியாயமான கேள்விதான். ஆனால், நான் வாங்கிய கருவியைத் திறந்து பார்க்கவும் பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்டவும் எனக்கு உரிமை இல்லையா என்ற எதிர்க்கேள்வியும் நியாயமானதே. ஐம்பது வருடமாகியும் இந்த இரண்டு கேள்விகளும் தீர்ந்தபாடில்லை.

ஒட்டுப் போட்டுக் கட்டிய வெப்

1993 ஏப்ரல் 30 அன்று, ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடம் வெப் தொழில்நுட்பத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அப்போது வெப்சைட்டுகளை வழங்கப் பலரும் பயன்படுத்திய சர்வர் புரோகிராம் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையத்தில் உருவானது. அதை எழுதியவர் 1994-இல் அங்கிருந்து விலகியதும் கவனிக்க ஆளில்லை. பழுதுகளை ஆங்காங்கே இருந்த வெப்மாஸ்டர்கள் தாங்களே சரி செய்துகொண்டார்கள். 1995-இல் எட்டுப் பேர் முன்நின்று அந்தத் திருத்தங்களை ஒன்றுசேர்த்தார்கள். அதுதான் அப்பாச்சி சர்வர். ஒரே வருடத்தில் உலகில் அதிகம் பயன்பட்ட வெப் சர்வராக அது மாறியது.

அதே 1995 ஜூனில் ராஸ்மஸ் லெர்டார்ஃப், தன் சொந்த வெப்பக்கத்துக்காக எழுதிய சின்னச் சின்ன புரோகிராம்களை எல்லோருக்கும் வெளியிட்டார். பிஎச்பி என்று பிற்பாடு லட்சக்கணக்கான வெப்சைட்டுகளைச் சுமந்த மொழியின் தொடக்கம் அது. எனக்குச் சோறு போட்ட மொழியும் அதுதான்.

சென்னைக்கு வந்த சிடி

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் சேவையைத் தொடங்கியது. தொடக்கத்திலேயே இணைப்புப் பெற்ற நகரங்களில் சென்னையும் ஒன்று. டெலிபோன் லைனில் மோடம் வைத்துத்தான் இணைய வேண்டும். லினக்ஸ் மாதிரி பெரிய சாஃப்ட்வேரை அதில் டவுன்லோடு செய்வது நடக்காத காரியம். எனவே லினக்ஸ் சிடியில்தான் ஊர் சுற்றியது. பிசி குவெஸ்ட் பத்திரிகை இதழோடு லினக்ஸ் சிடி கொடுத்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

சிடி கிடைத்தவர்களுக்கு அடுத்த பிரச்சினை அதை நிறுவுவது. கைதவறினால் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த எல்லாமே போய்விடும். இந்தப் பின்னணியில்தான் 1998 ஜனவரியில் சென்னை லினக்ஸ் பயனர் குழு உருவானது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை கூட்டம், நெடுங்காலம் ஐஐடி வளாகத்தில். கட்டணம் இல்லை. கல்லூரி மாணவர், பேராசிரியர், கம்பெனி இன்ஜினியர், ஓய்வு பெற்றவர் என்று யாரும் வரலாம். நிறுவிக் கொடுக்கும் நாட்களில் சிபியூவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

புத்தகத்தில் கிடைக்காததை அங்கேதான் கற்றேன். ஒரு கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்பதோடு, எப்போது பயன்படுத்தக் கூடாது என்பதையும் அனுபவப்பட்டவர்கள் சொல்வார்கள். என்னதான் அடிப்படையான சந்தேகமாக இருந்தாலும், “நீங்க இதுவரைக்கும் என்ன செஞ்சு பாத்தீங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் பதிலுக்கு வருவார்கள்.

கட்டம் கட்டமாகத் தெரிந்த தமிழ்

இந்தக் கூட்டு உழைப்பால் நமக்குக் கிடைத்த பெரிய லாபம் தமிழ்தான். 1990களில் ஒவ்வொரு ஃபான்ட்டும் ஒவ்வொரு குறியீட்டு முறையில் இருந்தது. ஒரு கம்ப்யூட்டரில் அடித்த தமிழ்க் கடிதம், அதே ஃபான்ட் இல்லாத இன்னொன்றில் கிறுக்கலாகவோ கட்டங்களாகவோ தெரியும். சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பா, அமெரிக்கா, தமிழ்நாடு, இலங்கை என்று சிதறியிருந்த ஆர்வலர்கள் மின்னஞ்சலில் விவாதித்து ‘திஸ்கி’ என்ற பொது முறையை உருவாக்கினார்கள். 1998 பொங்கலன்று தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் தொடங்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ் 99 கீபோர்டை அரசு ஏற்றது. யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடமிருந்தும், விண்டோசும் லினக்சும் அதைச் சரியாகக் காட்டப் பல வருடங்கள் ஆயின. 2010-இல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றது.

இதற்கிடையில் தன்னார்வலர்கள் மாலை நேரங்களில் உட்கார்ந்து லினக்ஸின் மெனுக்களை ஒவ்வொரு சொல்லாகத் தமிழாக்கினார்கள். 2012-இல் தொடங்கிய ‘கணியம்’ இதழ், கட்டற்ற மென்பொருள் பாடங்களைத் தமிழிலேயே தந்தது. இந்தக் காலாண்டு இதழ் உங்கள் போனில் எழுத்து மாறாமல் திறப்பதில் இவர்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு.

கூட்டம் குறைந்த காரணம்

ஹோம்புரூ கிளப் 1986-இல் முடிந்தது. பிராட்பேண்ட் வந்ததும் சிடி வாங்க யாரும் எங்கும் போக வேண்டியதில்லை. இப்போது சந்தேகம் வந்தால் வீடியோ இருக்கிறது, கேட்டால் பதில் சொல்லும் ஏஐ இருக்கிறது. வசதிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் நம் முகத்தைப் பார்த்தே “இவருக்குப் புரியவில்லை” என்று தெரிந்துகொள்ளும் ஆள் அதில் இல்லை. விற்கிறவரிடம் சேர்ந்து போய்க் கேட்கும் பலமும் அதில் இல்லை.

அந்தப் பலம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை என் வேலையில் நேரில் பார்த்தேன். வேறொரு பகுதியிலுள்ள ஒரு குடியிருப்புச் சங்கம், எட்டு வருட வரவு செலவை ஒரு ஆன்லைன் சேவையில் வைத்திருந்தது. சேவை மூடப்படுவதாக ஒரு மாத அவகாசத்தில் அறிவிப்பு வந்தது. தகவலை மொத்தமாக வெளியே எடுக்க வழியில்லை. மாதாந்திர ரசீதுகளை பிடிஎஃப் ஆக மட்டுமே எடுக்க முடிந்தது. ஓய்வு பெற்ற வங்கி அதிகாரிகள் இருவர் இரவு பகலாக உட்கார்ந்து அதைக் கையால் எக்செல்லில் ஏற்றினார்கள்.

நாம் செய்யக்கூடியது

கமிட்டிக்கு என் முதல் வேண்டுகோள்: நம் ஆப் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன், கணக்கு, வீட்டு உரிமையாளர் பட்டியல், புகார்ப் பதிவு மூன்றையும் எக்செல்லில் திறக்கக்கூடிய வடிவில் நாமே எடுக்க முடியுமா என்று எழுத்தில் பதில் வாங்க வேண்டும். முடியும் என்றால் காலாண்டுக்கு ஒரு பிரதி ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி பென்டிரைவிலும் இருக்கட்டும்.

இரண்டாவது: மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மாலை 5 முதல் 6.30 வரை கிளப் ஹவுஸைக் கேட்டிருக்கிறேன். போன், லேப்டாப், எந்தச் சந்தேகத்தோடும் வரலாம். கேட் ஆப்பில் விருந்தாளிக்கு அனுமதி கொடுப்பது, மோசடி மெசேஜை அடையாளம் காண்பது, தமிழில் டைப் செய்வது ஆகியவற்றோடு தொடங்கலாம். பாஸ்வேர்டையும் ஓடிபியையும் மட்டும் யாரிடமும், என்னிடமும்கூட, சொல்ல வேண்டாம். ப்ளஸ் டூ, கல்லூரிப் பிள்ளைகள் சொல்லிக் கொடுக்க வந்தால் பெரியவர்களுக்கு உதவியாக இருக்கும், அவர்களுக்கும் பொறுமை பழகும். வர விரும்புகிறவர்கள் அசோசியேஷன் ஆபீஸ் ரெஜிஸ்டரில் பெயரையும் சந்தேகத்தையும் ஒரு வரியில் எழுதி வையுங்கள். எத்தனை நாற்காலி போட வேண்டும் என்று தெரிந்துவிடும்.